திரும்பிப் போறதுக்கும் பாஸ்போர்ட் வேணும்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோட்ல ஒருத்தர் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றிய பேச்சு வரும். மனசு சரியில்லாத நேரம்னா இதை அப்புறம் கேளுங்க. யார்கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு என் காலேஜ் ரூம்மேட் போன் பண்ணினான். கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்ல இருக்கான், ஆறு வருஷமா. சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல ஒரு ஆள் கார் கண்ணாடியை இறக்கி, "உங்க நாட்டுக்குப் போ"ன்னு கத்திட்டுப் போயிருக்கான். மனைவியும் கைக்குழந்தையும் பக்கத்துல. "மச்சான், திரும்பி வந்துடலாம்னு பாக்குறேன்"னான். நான் என்னமோ பெரிய மனுஷன் மாதிரி, "வந்துடுடா, இங்க என்ன குறைச்சல்"னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னான்: "அப்பா ஆபரேஷனுக்கு ஒரு வாரம் வந்துட்டுப் போகவே பயமா இருக்குடா. விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்கிட்டா வேலை போச்சு, வீட்டு லோன் போச்சு. இருக்கவும் முடியல, வரவும் முடியல."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு ஒரு பேர் ஞாபகம் வந்தது. வைஷ்ணோ தாஸ் பகாய். அவன் இருக்கிற அதே ஏரியாவில், நூறு வருஷத்துக்கு முன்னாடி, இதே வரியை வேற வார்த்தைகளில் எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர். இன்னைக்கு அவரோட கதை.

பகாய் 1891ல் பெஷாவரில் பிறந்தவர். இன்றைக்கு அது பாகிஸ்தான், அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியா. வசதியான குடும்பம், நிலபுலன் உண்டு. ஊரில் சோத்துக்கு இல்லாமல் கப்பல் ஏறியவர் இல்லை அவர். இது முக்கியம், ஏன்னா புலம்பெயர்ந்தவர்கள்னாலே வறுமைதான் துரத்தியிருக்கும்னு ஒரு டெம்ப்ளேட் நம்ம மண்டையில் இருக்கு. பகாயைத் துரத்தியது வேறு. அடிமை நாட்டில் வாழப் பிடிக்கவில்லை. அவர் மனைவி கலா பகாய் பிற்காலத்தில் கொடுத்த பேட்டியில் இதைத்தான் சொன்னார்: பிரிட்டிஷ்காரனுக்குக் கீழே பிள்ளைகளை வளர்க்க வேண்டாம், சுதந்திர நாட்டுக்குப் போகலாம் என்பதுதான் அவர் பேச்சாக இருந்தது. கதர் கட்சியோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. காந்தியின் கதர் இல்லைங்க. உருதுவில் 'கதர்' என்றால் கிளர்ச்சி. 1913ல் அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் தூக்கி எறிய ஆரம்பித்த கட்சி. தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ.

1915 செப்டம்பரில் பகாயும் கலாவும் பிரிஜ், மதன், ராம் என்ற மூன்று சின்னப் பையன்களோடு 'தென்யோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கினார்கள். அங்கே துறைமுகத்துக்கு எதிரே ஏஞ்சல் ஐலண்ட்னு ஒரு தீவு. ஆசியாவிலிருந்து வருகிறவர்களை அடைத்து வைத்து விசாரிக்கும் இடம். இவர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். இந்தியக் குடும்பம், அதுவும் பெண், குழந்தைகளோடு வந்து இறங்குவது அப்போது அபூர்வம். கையில் 25,000 டாலருக்கு மேல் இருந்ததைப் பார்த்ததும் அதிகாரிகளின் தோரணை மாறியது, உள்ளே விட்டார்கள். உள்ளூர் பத்திரிகை ஒன்று கலாவின் மூக்குத்தியை ஏதோ புது ஃபேஷன் மாதிரி படம் போட்டு எழுதியது. நம்ம ஊர்ப் பாட்டிகள் கேட்டால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் அவர்கள் வாங்கிய முதல் வீடு பெர்க்லியில். குடிபோகிற அன்றைக்கு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, குழந்தைகளோடு போய் இறங்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சொந்த வீடு. கலா கணவரிடம் சொன்னது: இந்த மாதிரி ஆட்கள் நடுவில் நான் இருக்க மாட்டேன், என் பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருக்கலாமேன்னு தோணும். பகாய் நேர் எதிரா யோசிச்சார். இன்னும் முழுசா அமெரிக்கனா ஆயிட்டா இதெல்லாம் சரியாகும் என்று நம்பினார். சூட் போட்டார், ஆங்கிலம் சரளம், சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் தெருவில் கடை வைத்தார், பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளியில் சேர்த்தார். 1921ல் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்து அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதற்கு பிரிட்டிஷ் ராஜா மீதான விசுவாசத்தைக் கைவிடுவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவருக்கு அது ரொம்ப சந்தோஷமான பகுதியாகத்தான் இருந்திருக்கும். என் வேலை பாஷையில் சொன்னா, ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட். பழைய வெர்ஷனை அழிச்சாச்சு.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசணும். போரடிக்காது, பிராமிஸ்.

1790ல் அமெரிக்கா போட்ட குடியுரிமைச் சட்டத்தில் ஒரு நிபந்தனை: குடிமகன் ஆக விரும்புகிறவர் 'சுதந்திரமான வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1870ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள்? சட்டத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. அப்போ வெள்ளையர்னா யாரு? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. டிஃபைன் பண்ணாத ஒரு வேரியபிளை வைத்து 130 வருஷம் ஒரு நாட்டை ஓட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர் நீதிபதியும் தனக்குத் தோன்றியதைச் சொன்னார். சில இந்தியர்களுக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

1922 நவம்பரில் தகாவோ ஓசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. என் தோல் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்பதும் அவருடைய வாதங்களில் ஒன்று. நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் தீர்ப்பு எழுதினார்: தோல் நிறம் கணக்கு இல்லை, வெள்ளையர் என்றால் காகேசிய இனம். மூன்றே மாதம் கழித்து, 1923 பிப்ரவரி 19ல், பகத் சிங் தின்ட் வழக்கு. தின்ட் பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அன்றைய மானுடவியல் புத்தகங்களே வட இந்தியர்களை காகேசியர் என்றுதான் எழுதியிருந்தன. நீங்க சொன்ன விதிப்படி நான் வெள்ளையன் என்று நின்றார். அதே சதர்லேண்ட், அதே பேனா: விஞ்ஞானம் சொல்வது கணக்கு இல்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன். மூன்று மாசத்துல ரூலையே மாத்திட்டாங்க. ஒரு சின்ன தகவல்: சதர்லேண்டும் குடியேறி வந்தவர்தான். இங்கிலாந்தில் பிறந்தவர்.

இந்த இடத்தில் தின்டை ஹீரோவாக்கிட்டுப் போயிடறது ஈஸி. எனக்கு மனசு வரல. அவர் தரப்பு வைத்த வாதத்தைப் பாருங்கள். உயர்சாதி இந்தியர்கள் ஆரியர்கள், சாதிக்கு வெளியே கல்யாணம் செய்யாததால் ரத்தம் கலக்கவில்லை, இந்தியப் பூர்வகுடிகளை ஓர் உயர்சாதிக்காரர் பார்க்கும் விதமும் ஓர் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரைப் பார்க்கும் விதமும் ஒன்றுதான். அதாவது, 'நாங்களும் உங்களை மாதிரியே ஒதுக்கி வைக்கிறவர்கள், அதனால் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.' இனவெறி தப்பு என்று அந்த வாதம் சொல்லவே இல்லை. கோட்டை எனக்கு அந்தப் பக்கமாகப் போடு என்று மட்டும்தான் கேட்டது. சதர்லேண்ட் எழுதிய பதில் இன்னும் வேடிக்கை. சாதி விதிகள் கலப்பைத் தடுக்கத்தான் ஏற்படுத்தப்பட்டன, ஆனால் முழுசாக வெற்றி பெறவில்லை, ஆரியர்கள் கருத்த தோல் திராவிடர்களோடு கலந்துவிட்டார்கள் என்றார். ஆமாங்க, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 'திராவிடர்' என்ற வார்த்தை இருக்கிறது, கலப்படப் பொருள் மாதிரி. முதல் தடவை படிச்சப்போ ஃபோனைக் கீழ வச்சுட்டு டீ போடப் போயிட்டேன். அந்த வழக்கில் ரெண்டு தரப்பும் சேர்ந்து யாரை வெளியே தள்ளியதுன்னு பார்த்தா, அது என் தாத்தா.

தீர்ப்பு தின்டோடு நிற்கவில்லை. இந்தியர் வெள்ளையர் இல்லை என்றால் ஏற்கெனவே குடியுரிமை வாங்கியவர்கள்? அது சட்டவிரோதமாக வாங்கியது என்று சொல்லி அரசு ஒவ்வொருவராக நீதிமன்றத்துக்கு இழுத்தது. அடுத்த நாலு வருஷத்தில் சுமார் 65 இந்தியர்கள் குடியுரிமையை இழந்தார்கள். குடிமகனை மணந்தவர்களையும் அது விடவில்லை. 1922ல் வந்த கேபிள் சட்டத்தின்படி, குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணுக்கும் குடியுரிமை போய்விடும். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்கள் இந்தியக் கணவர்களால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பகாயின் குடியுரிமையும் போனது. போனது ஒரு காகிதம் மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் 1913ல் ஒரு நிலச் சட்டம் வந்திருந்தது, 1920ல் அதை இன்னும் இறுக்கினார்கள். குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கக் கூடாது. நேற்று வரை குடிமகன், இன்று 'தகுதியில்லாத வெளிநாட்டவர்'. கடை உட்பட சொத்துகளை விற்க வேண்டி வந்தது. முதலில் அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டினார்கள், இப்போ அரசாங்கமே பூட்டியது.

சரி, ஊருக்குத் திரும்பிடலாமே? நான் என் நண்பன்கிட்ட சொன்ன அதே வரி. அன்றைக்குத் திரும்பிப் போவது என்றால் என்னவென்று பார்க்க 1914ஐ எடுத்துக்கலாம். 'கோமகதா மாரு' கப்பலில் 376 பேர் கனடாவின் வான்கூவருக்குப் போனார்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். கனடா இறங்க விடவில்லை. ரெண்டு மாசம் கரையைப் பார்த்துக்கொண்டே கப்பலில் கிடந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டு செப்டம்பர் கடைசியில் கல்கத்தா பக்கத்தில் பட்ஜ் பட்ஜ் வந்து சேர்ந்தார்கள். சொந்த மண். அங்கே பிரிட்டிஷ் போலீஸ் துப்பாக்கியோடு காத்திருந்தது. சுமார் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கதர் கட்சிக்காரர்கள் கதையும் அதேதான். கலிபோர்னியாவிலிருந்து புரட்சி செய்யத் திரும்பிப் போன கர்தார் சிங் சராபாவை 1915 நவம்பரில் லாகூரில் தூக்கில் போட்டார்கள். வயசு 19. பகாய் குடும்பம் அமெரிக்காவில் இறங்கி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதனால் 'ஊர்'னு ஒரு இடம் அங்கே பத்திரமா காத்துக்கிட்டு இருந்ததுன்னு நினைக்காதீங்க. அந்த ஊரை ஆண்டவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் பகாய் கிளம்பியிருந்தார்.

இருந்தும் 1928ல் இந்தியா போய் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டு, அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டார். குடிமகன் இல்லாதவருக்கு எப்படித் தருவது? தரவில்லை. அதிகாரிகள் ஒரு வழி சொன்னார்கள்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்களேன்.

அவர்களைப் பொறுத்தவரை ஒரு ஃபார்ம், ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. பகாயைப் பொறுத்தவரை, எந்த ராஜாவுக்கு விசுவாசம் இல்லை என்று கோர்ட்டில் கை தூக்கிச் சொன்னாரோ, அந்த ராஜாவிடம் போய் 'நான் உங்க பிரஜைதான், ஊருக்குப் போக அனுமதி கொடுங்க' என்று கேட்பது. மறுத்துவிட்டார்.

நான் நிறைய தடவை இந்த இடத்தில் நின்னிருக்கேன். வாங்கியிருக்கலாமே, ஒரு காகிதம்தானே. என் தலைமுறை வாங்கியிருக்கும், நானும் வாங்கியிருப்பேன். நாங்க ஃபார்ம்களை நம்புறதில்ல, ஃபில் பண்ணிட்டுப் போயிடுவோம். பகாய் நம்பினார். 1921ல் சொன்ன பிரமாணத்தை, அதைச் சொல்ல வைத்த அரசாங்கத்தை விட சீரியஸாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு மனிதர் இதே பொறியிலிருந்து தப்பினார் என்பதையும் சொல்லணும். சகாராம் கணேஷ் பண்டிட், தின்ட் வழக்கில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர். 1914லேயே குடியுரிமை வாங்கியவர். அவருடைய குடியுரிமையையும் பறிக்க வந்தபோது அவர் இனம், ஆரியம் எதையும் பேசவில்லை. ஒரு கோர்ட் தீர்ப்பாகக் கொடுத்த குடியுரிமை இது, அதை நம்பித்தான் வக்கீல் தொழில், வீடு, கல்யாணம் எல்லாம், இத்தனை வருஷம் கழித்து இன்னொரு கோர்ட் வந்து கலைக்க முடியாது என்றார். 1926ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார், 1927ல் உச்ச நீதிமன்றம் அரசின் அப்பீலை எடுக்க மறுத்தது. மிச்சமிருந்த வழக்குகளை அரசு கைவிட்டது. சட்டம் தெரிந்தவர், போராடத் தெம்பு இருந்தவர், தப்பித்தார். பகாய்க்கு அந்த வெற்றி உதவவில்லை.

1928ல் பகாய் சான் ஹோசேயில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அங்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37ஐத் தாண்டியிருக்காது. குடும்பத்துக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். ஒரு கடிதம் 'சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்' பத்திரிகைக்கு. ஊரில் சொத்தை விற்று, இதை வீடாக்கிக்கொள்ளும் கனவோடு வந்தேன், குடிமகன் என்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள், வீடு வாங்க விட மாட்டார்கள், இந்தியா போக பாஸ்போர்ட்டும் தர மாட்டார்கள், நான் இப்போது யார் என்று அதில் கேட்டிருந்தார். முன்னாலும் தடை, பக்கத்திலும் தடை, பின்னால் பாலங்கள் எரிந்துவிட்டன என்பது கடிதத்தின் சாரம். அந்தக் கடிதத்தை வாதமாகப் படிக்கலாம். அது உண்மையும்கூட. ஆனா வீட்டில் மூணு பையன்கள் இருந்தாங்க, கலா இருந்தார். அதை மறந்துட்டு அவரைத் தியாகி ஆக்கிப் பேசறவங்களோட எனக்கு ஒத்துப்போறதில்ல.

கலாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பதிமூன்று வருஷம். கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். குடியுரிமை இல்லை, வாங்கவும் முடியாது. ஊருக்குப் போயிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இருந்தார். இரவுப் பள்ளியில் சேர்ந்து ஆங்கிலம் படித்தார். பண விவகாரங்களைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்டார். மூன்று மகன்களையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். அந்தக் காலத்து இந்திய விதவைகள் நினைத்தும் பார்க்காத ஒன்றைச் செய்தார்: கணவரின் நண்பரான மகேஷ் சந்திராவை மறுமணம் செய்துகொண்டார்.

அந்த இருபது வருஷமும் திரும்பிப் போனவர்கள் நிறைய. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுக்க இருந்த இந்தியர்கள் 2,405 பேர். இன்னைக்கு ஃப்ரீமான்ட்ல ஒரு தீபாவளி ஃபங்ஷனுக்கே அவ்வளவு பேர் வருவாங்கன்னு என் நண்பன் சொல்றான்.

1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. இந்தியர்கள் குடிமக்கள் ஆகலாம், வருஷத்துக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம். நூறே பேர்! அதுவே பெரிய விஷயமாகக் கொண்டாடப்பட்டது. அதன் பிறகு கலாவும் அமெரிக்கக் குடிமகள் ஆனார். அடுத்த வருஷமே பெஷாவர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. பகாய் பார்த்துவிட்டு வர நினைத்த ஊருக்கு, அவர் குடும்பம் மாதிரி ஒரு இந்துக் குடும்பம் திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லாமல் போனது. கலா தெற்கு கலிபோர்னியாவில் புதிதாக வந்த இந்தியக் குடும்பங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, பழக்கம் செய்துவைத்து, 1983ல் காலமானார். தின்டுக்கும் ஒரு வழியாக 1936ல் குடியுரிமை கிடைத்தது, முன்னாள் ராணுவத்தினருக்கான தனிச் சட்டம் ஒன்றால்.

2020ல் பெர்க்லி நகர சபை டவுன்டவுனில் ஷாட்டக் அவென்யூவின் ஒரு சின்னப் பகுதிக்குப் பெயர் மாற்ற முடிவு செய்தது. ரெண்டே பிளாக், அவ்வளவுதான். அந்தப் பெயர்: கலா பகாய் வே. அவர்களை வீட்டுக்குள் விடாத அதே ஊர்.

இதையெல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன், பகல்லதான், அவனுக்கு ராத்திரி. "வந்துடுடா"ன்னு அன்னைக்கு ஈஸியா சொன்னதுக்கு சாரியும் கேட்டேன். "விடுறா"ன்னுட்டு, பகாய் அந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வாங்கியிருக்கணுமா வேண்டாமான்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டான். அவன் வாங்கியிருக்கணும்கிற கட்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ வந்தது. தெருப் பலகை, அதுக்குக் கீழே ஸ்ட்ரோலர்ல குழந்தை தூங்குது. கூடவே ஒரு மெசேஜ்: "சென்னை கான்சுலேட்ல ஸ்டாம்பிங் ஸ்லாட் கிடைச்சிருக்கு. அப்பா ஆபரேஷனுக்கு வர்றேன். திரும்பி உள்ள விடுவானான்னு தெரியல. டிக்கெட் போட்டுட்டேன்."